நல்ல வண்டி என்று சொன்னவன்

அந்த வண்டியை நல்ல வண்டி என்று சொன்னவன் நான். எனக்கு வண்டிகளைப் பற்றி ஒன்றுமே தெரியாது!

முதல் வாக்கியம் கடலூரிலிருந்து சிதம்பரம் வரை பலருக்குத் தெரியும். இரண்டாவது வாக்கியத்தை என் மனைவி ரீட்டாவிடம்கூட நான் சொன்னதில்லை. நீங்கள்தான் முதலில் கேட்கிறீர்கள். உங்கள் முகம் எனக்குத் தெரியாது. அதனால்தான் சொல்ல முடிகிறது.

என் பெயர் சேவியர். மஞ்சக்குப்பத்தில் கார்களுக்கு சீட் கவர் தைத்துப் போடும் கடை வைத்திருக்கிறேன். கடைச் சுவரில் மூன்று புகைப்படங்கள் மாட்டியிருக்கும். மூன்றிலும் நான் நீலச் சீருடையில், தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கும் அதிவேகக் கார்களின் அருகே நின்று சிரித்துக்கொண்டிருப்பேன். எல்லாம் துபாயில் எடுத்தவை.

அந்தக் கார்களைப் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் ஒன்பது வருடம் இருந்தேன். அது உண்மை. ஆனால் நான் எதையும் பழுது பார்க்கவில்லை. கழுவினேன்... கழுவி, துடைத்து, டயர்களுக்குக் கறுப்பு பாலிஷ் போட்டு நிறுத்துவேன். அதில் எனக்கு நிகர் யாருமில்லை என்பார்கள். அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்? உழைத்துத்தானே தின்றேன்!

பொய் என் வாயிலிருந்து புறப்படவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் என் சித்தப்பா, "பையன் ஃபாரின் காருக்கு மெக்கானிக்" என்றார். ரீட்டா சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த மதிப்பை இழக்க எனக்கு மனம் வரவில்லை. திருத்தாமல் விட்டேன். பிறகு ஒருவரையும் திருத்த முடியவில்லை.

பாஸ்கரன் சீட் கவர் போட வந்தவன். காட்டுமன்னார்கோயில் பக்கம் நெல் விளைவித்த குடும்பம். அவன் சிதம்பரத்தில் வீடு கட்டிக்கொண்டு இறால் பண்ணைகளுக்குத் தீவனம் விற்றுவந்தான். என்னைவிடப் பத்து வயது இளையவன். சுவரில் இருந்த படங்களையே வெகுநேரம் பார்த்தான்.

"இதெல்லாம் நீங்க கை வெச்ச வண்டியா?"

"ஆமாம்" என்றேன். கை வைத்தேன்தானே... துணியோடு!

அன்றிலிருந்து நான் அவனுக்கு மாமா. அவன் எனக்கு மாப்பிள்ளை. அவன் மனைவி தேன்மொழி என்னை அண்ணன் என்றாள். அவர்களுடைய ஒரே மகள் கயல்விழிக்கும் நான் மாமாதான். பாஸ்கரன் வந்தால் ஒரு மணி நேரம் போகும். இன்ஜின் பின்பக்கம் இருக்கும் கார்களைப் பற்றியே பேசுவான். கைப்பேசியில் பார்த்ததை எல்லாம் என்னிடம் கேட்பான். நானும் பட்டறையில் காதில் விழுந்த சொற்களை எடுத்து வீசுவேன். அவன் கண்கள் விரியும். அந்தக் கண்களுக்காகத்தான் பேசினேனோ?

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு நாள் ஓடி வந்தான். புதுச்சேரியில் ஒருவர் இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை விற்கிறாராம். பழையதுதான், ஆனால் ஆறாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லையாம். பார்த்தவர்கள் எல்லாம், இந்த வண்டிகளை நம்பக் கூடாது, நின்றால் நின்றதுதான் என்று பயமுறுத்தினார்களாம்.

"அவுங்களுக்கு இன்னா தெரியும் மாமா? நீ வந்து பாரு. நீ ஓகேன்னா எடுக்கறேன். வேணாம்னா ஒரு வார்த்த கேக்காம திரும்பிடறேன்."

அந்த நேரத்தில் காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம்! சென்னையிலிருந்து இந்த வேலை தெரிந்த ஒருவரை வரவழைப்போம் என்று சொல்லியிருக்கலாம்! நான் என்ன செய்தேன் தெரியுமா? பெட்டியிலிருந்து அந்தப் பழைய நீலச் சீருடையை எடுத்து ரீட்டாவிடம் இஸ்திரி போடக் கொடுத்தேன்.

கடலை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையில் வண்டி நின்றது. விற்பவர் அதன் மேலிருந்த துணியை விலக்கியபோது உப்பும் தூசியும் கலந்த ஒரு வாடை எழுந்தது. கருநீல நிறம். வெகுநாள் அசையாமல் கிடந்த ஒன்றின் அமைதி அதில் இருந்தது... அதை நான் பொருட்படுத்தவில்லை.

துபாய்ப் பட்டறையில் வர்கீஸ் என்று ஒரு தலைமை மெக்கானிக் இருந்தார். பழைய வண்டி எது வந்தாலும், பானெட்டைத் திறக்கும் முன் ஒவ்வொரு டயரின் அருகிலும் குந்தி உட்கார்ந்து, டார்ச் அடித்து எதையோ படிப்பார். எதைப் படிக்கிறார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் செய்ததை எல்லாம் நான் அன்று செய்தேன். குந்தினேன். டார்ச் அடித்தேன். தலையை ஆட்டினேன். இன்ஜின் மேல் காது வைத்துக் கேட்டேன். கீழே படுத்து எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்த்தேன். ஒழுகவில்லை.

டயர்களில் தேய்மானமே இல்லை. பள்ளங்கள் புதியது போல ஆழமாக இருந்தன. தூசிதான் படிந்திருந்தது. பழக்க தோஷம்... பையிலிருந்து துணியை எடுத்துத் துடைத்தேன். பாலிஷ் போட்டேன். நான்கும் பளபளவென்று கறுத்தன. எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதானே!

பாஸ்கரன் உள்ளே ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்து இன்ஜினை உறுமவிட்டுக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தில் அவனுக்கு எதுவும் கேட்டிருக்காது. எங்களோடு வந்திருந்த தேன்மொழி என் அருகே வந்து குனிந்தாள். திட்டக்குடிப் பக்கத்து விவசாய வீட்டுப் பெண் அவள். நிதானமாகப் பேசுவாள்.

"அண்ணே, இவ்ளோ வருஷம் ஓடாம நின்ன வண்டி... டயரு ஒண்ணும் ஆவாதா? எங்க வூட்ல டிராக்டரு கொஞ்ச காலம் சும்மா நின்னாலே ரப்பரு வெடிப்பு வுட்டுடும். எங்கப்பா மொதல்ல அதத்தான் மாத்துவாரு."

கேட்டீர்களா? அந்தக் கொட்டகையில் இருந்த நால்வரில் விஷயம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்!

நான் சிரித்தேன். "அது டிராக்டரும்மா. இது இத்தாலி வண்டி. ரப்பரே வேற."

அவள் முகம் சிவந்துவிட்டது. தெரியாமல் கேட்டுவிட்டேன் என்பதுபோல முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அவளும் சிரித்தாள். பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

பாஸ்கரன் இறங்கி வந்து என் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டான். "சொல்லு மாமா."

"நல்ல வண்டி மாப்ள. கண்ண மூடிக்கிட்டு எடு."

இரண்டு மாதம் அந்த வண்டி பழுதில்லாமல் ஓடியது. சொன்னவனுக்குப் பெருமை! ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பாஸ்கரனும் தேன்மொழியும் சிதம்பரத்திலிருந்து கடலூர் வருவார்கள். வண்டியில் இரண்டே இருக்கைகள் என்பதால் கயல்விழி சிதம்பரத்திலேயே தன் அத்தை வீட்டில் இருந்துவிடுவாள். அந்த வண்டியின் ஓசை தெருமுனையில் கேட்கும்போதெல்லாம் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். வந்து நின்றதும் துணி எடுத்து டயர்களுக்கு மறுபடி பாலிஷ் போடுவேன். ஏன் அப்படி ஓடினேன்? எனக்கே தெரியாத ஒன்றுக்கு நான் உறுதி கொடுத்திருக்கிறேன் என்று எனக்குள் யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள்...

மே மாதத்தில் ஒரு ஞாயிறு. நாங்கள் கோயிலில் பூசை முடித்து வந்திருந்தோம். அவர்கள் சாப்பிட வருவதாக ரீட்டா வஞ்சிரம் மீன் குழம்பு வைத்திருந்தாள். பதினொரு மணிக்கே தார் இளகும் வெயில். அவர்கள் வரவில்லை. பாஸ்கரனின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் ஒரு போலீஸ்காரர்.

புதுச்சத்திரம் தாண்டிச் சாலையோரச் சவுக்குத் தோப்புக்குள் வண்டி கிடந்தது. நான் போவதற்குள் இருவரையும் ஆம்புலன்ஸில் ஏற்றிச் சென்றுவிட்டார்கள். கூட்டம் நின்றது. வலதுபக்கப் பின் டயர் நார்நாராகக் கிழிந்து தொங்கியது. அதன் அருகே ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருப்பவராம்.

"இந்த நம்பரு பாருங்க சார்" என்று கிழியாமல் மிஞ்சியிருந்த பக்கவாட்டு ரப்பரைத் திருப்பிக் காட்டினார். நான்கு இலக்கங்கள். "மொத ரெண்டு, எத்தினியாவது வாரம். பின்னாடி ரெண்டு, எந்த வருஷம். டயரு பொறந்த தேதி சார் இது. பதினோரு வருஷம் ஆவுது! மேல பாத்தா புதுசாட்டம் இருக்கும், உள்ள செத்துப் போயிருக்கும். இத போட்டுக்கினு இந்த வெயில்ல, இந்த ஸ்பீடுல... எவன் சார் இத பாத்து ஓட்டச் சொன்னது?"

வர்கீஸ் எதைப் படித்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த இலக்கங்களின் மேல் நான் போட்ட கறுப்பு பாலிஷ் இன்னும் லேசாக மின்னியது.

"தெரியலப்பா" என்றேன்.

தேன்மொழி மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டாள்.

இதுவரை சொன்னதோடு நிறுத்தினால், அறியாமையால் தவறிய ஒருவன் என்று நீங்கள் என்னை மன்னித்துவிடக்கூடும். நிறுத்த முடியாது. நான் ஒப்புக்கொள்ள வந்தது இனிமேல்தான் இருக்கிறது!

கடலூர் மருத்துவமனையில் பாஸ்கரன் தோள் எலும்பு உடைந்து படுத்திருந்தான். மனைவி இல்லை என்று அவனுக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள். அவன் அழவில்லை. என்னைப் பார்த்ததும் ஒரே கேள்வியைக் கேட்டான்.

"மாமா, டமால்னு சத்தம் கேட்டுச்சு. பயத்துல பிரேக்க ஏறி மிதிச்சிட்டேன். வண்டி சுத்திடுச்சு. மிதிச்சிருக்கக் கூடாதா மாமா? வுட்ருந்தா நின்னுருக்குமா? நீ சொல்லு. ஒனக்குத்தான் தெரியும்."

எனக்குத்தான் தெரியும்! ஒரு மணி நேரத்துக்கு முன் அந்த நான்கு இலக்கங்களைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து நிற்கிறேன். அவன் கண்கள் என் மேல் இருந்தன. கடையில் படங்களைப் பார்த்தபோது விரிந்த அதே கண்கள். வாயைத் திறந்தேன். உண்மை தொண்டை வரை வந்தது. சத்தியமாக வந்தது...

"மிதிச்சிருக்கக் கூடாது மாப்ள" என்றேன்.

அவன் மெல்லத் தலையை ஆட்டினான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

டயர் வெடிக்கும்போது பிரேக்கை அழுத்தக் கூடாதுதான். பிறகு நான்கு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆக நான் சொன்னது பொய்கூட இல்லை! இதைவிடக் கொடுமை உண்டா? வாழ்நாளில் வண்டியைப் பற்றி நான் சொன்ன ஒரே சரியான கருத்து அதுதான். அதை வைத்து ஒருவனை உயிரோடு கொன்றேன்.

விசாரணை அறிக்கையில், டயர் வெடித்து வாகனம் கட்டுப்பாட்டை இழந்தது என்று எழுதியிருந்தது. டயர் ஏன் வெடித்தது என்று பாஸ்கரன் யாரையும் கேட்கவில்லை. காரணம்தான் அவனிடம் ஏற்கெனவே இருந்ததே, நான் கொடுத்தது! சாவு வீட்டில், வந்தவர்கள் வண்டியைக் குறை சொன்னபோதுகூட அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "வண்டி மேல தப்பு இல்ல. சேவியர் மாமா பாத்துச் சொன்ன வண்டி. என் கால்தான்" என்றான். பதினைந்து வயது மகள் எதிரே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் அதை நம்பினாள். ஏன் நம்பமாட்டாள்? அப்பாவே சொல்கிறார். அன்று முதல் அவள் அவனிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை. வெளியூர் விடுதியில் தங்கிப் படித்தாள். விடுமுறைக்கு வந்தாலும் ரீட்டாவோடு எங்கள் வீட்டில்தான் இருப்பாள். அவன் வாசலில் வந்து நின்று, "புள்ள சாப்புட்டுச்சா மாமா?" என்று கேட்டுவிட்டுப் போவான். அவன் அதன்பின் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. பேருந்தில் வருவான்.

என் ஒரு வார்த்தை அந்த இருவரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துச் சோறு போட்டிருக்கும். ஆறு வருடம் நான் அந்த வார்த்தையை மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் மண்டியிட்டு, கோபப்பட்டேன், பொறாமைப்பட்டேன் என்று சில்லறைப் பாவங்களை அடுக்குகிறேன். சாமியார் ஜெபம் சொல்லி அனுப்புகிறார். எழுந்து வருகிறேன்.

படங்கள் இன்னும் சுவரில்தான் இருக்கின்றன. கழற்றினால், ஏன் என்று ரீட்டா கேட்பாளே...

இந்த வாரம் கயல்விழி கடைக்கு வந்தாள். சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது. யாரோ ஓட்டிய சின்ன கார் ஒன்றை வாங்க நினைத்து, அதை ஓட்டிக்கொண்டே வந்திருந்தாள். பாஸ்கரன் பின்னாலேயே பேருந்து பிடித்து வந்து, எதிர்ப்பக்கம் தெருவோரமாக நின்றான். உள்ளே வரவில்லை.

"நீங்க பாத்துச் சொல்லுங்க மாமா. அப்பா சொன்னா எனக்கு நம்பிக்க இல்ல. நீங்க சொன்னா எடுக்கறேன்" என்றாள். சிரிக்கும்போது அவளும் தாயைப் போலவே வாயை மூடிக்கொள்கிறாள்.

நான் குந்தினேன். நான்கு டயர்களின் இலக்கங்களையும் படித்தேன். புதியவை. அதற்கு மேல்? பிரேக்? ஸ்டியரிங்? அடியில் துருப்பிடித்த ஏதாவது? எதுவும் எனக்குத் தெரியாது. அன்று தெரியாதது போலவே இன்றும் தெரியாது. நல்ல மெக்கானிக் ஒருவரிடம் காட்டலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். "அப்ப நீங்க யாரு மாமா?" என்று அவள் கேட்டுவிட்டால்?

சாலைக்கு அப்பால் நின்ற பாஸ்கரனும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்ல வண்டிம்மா" என்றேன்.

இன்று காலை எட்டு மணிக்கு அவள் சென்னைக்குப் புறப்பட்டாள். இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும் திண்டிவனத்தில் நிறுத்தி டீ குடித்துவிட்டு போன் செய்வதாக ரீட்டாவிடம் சொல்லியிருந்தாள். இப்போது மணி பன்னிரண்டு ஆகப் போகிறது. வெயில் ஏறிவிட்டது. கடையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சற்றுமுன் கைப்பேசி ஒலித்தது. பாய்ந்து எடுத்தேன். பாஸ்கரன்.

"மாமா... புள்ள ஒனக்குப் பேசுச்சா? எனக்கு எப்பவும் பேசாது. அதான் கேட்டேன். ரிங் போவுது, எடுக்கல. வண்டி ஓட்டிக்கினு இருக்கும், இல்ல? நீ நல்லாப் பாத்தல்ல மாமா?"

"பாத்தேன் மாப்ள" என்றேன். "பயப்படாத. நல்ல வண்டி."