பட்டுக் கட்டிய எஞ்சின்

பரந்தன் பக்கம் காடு வெட்டித் திருத்திய காணியில் நாங்கள் கோடைச் சிறுபோகம் விதைத்த வருசம் அது. நெல் கதிரை வயிற்றில் வைத்துக் குடலை தள்ளி நின்றது. குளத்துத் தண்ணீரோ மதகுத் துருசின் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டது. பள்ளத்தில் கிடந்ததை இறைத்து வாய்க்காலில் விட்டால் கதிர் வரும். இல்லாவிட்டால் அவ்வளவும் மாட்டுக்குத்தான்.

என் கணவரின் தமையனார் எங்கிருந்தோ ஒரு பழைய எஞ்சினை லொறியில் கொண்டுவந்து குளக்கட்டில் இறக்கினார். உலகச் சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரரின் படகில் ஓடியதாம். எருமை படுத்திருக்கிற அளவு. முல்லைத்தீவிலிருந்து வந்த முஸ்லிம் மெக்கானிக் நானா அதைத் தண்ணீர்ப் பம்பியோடு பூட்டி முடுக்கியபோது நிலம் என் உள்ளங்காலுக்குள் அதிர்ந்தது. உச்சியில் ஒரு குழாய்க்குத் தொப்பி போட்டதுபோல இருந்தது. அதன் கீழால் நீலப்புகை மெல்ல மெல்லச் சுருண்டு வந்தது. எனக்கு அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"எங்கட அப்பு சுருட்டுப் பத்திற மாதிரி" என்றார் தமையனார்.

நானா போனபின் நல்லநாள் பார்த்துப் பூசை வைத்தோம். தலைபோல இருந்தது அந்தத் தொப்பிதானே, தமையனார் அதற்குத்தான் சந்தனத்தை வழித்து அப்பி, சிவப்புப் பட்டால் இறுக்கிக் கட்டினார். சாமிக்குக் கட்டிய பட்டை யாரும் அவிழ்ப்பதில்லை. தானாக இற்று விழவேண்டும்.

மறுநாள் எஞ்சின் எண்ணெய் கக்கத் தொடங்கியது. சில்லடியால், மூடிப் பொருத்துகளால், பார்க்கும் இடமெல்லாம் வழிந்தது. ஊற்ற ஊற்ற வழிந்தது. பயத்தில் நிறுத்திவிட்டார்கள்.

"எண்ணெய்ச் சீல் முழுக்கப் பழுதாப்போச்சு. கழட்டி யாழ்ப்பாணம் அனுப்புவம்" என்றார் தமையனார்.

"அது திரும்பி வருமட்டும் நெல்லு நிக்குமே அண்ணை?" என்று என் கணவர் கேட்டார்.

கழற்றுவதற்கு நானாவையே கூப்பிட்டார்கள். அவர் கழற்றுகிற சாவியை எடுக்காமல் எஞ்சினைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

"ஓடேக்க மேலால புகை வந்ததோ?"

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர்கள் தண்ணீரைத்தான் பார்த்திருந்தார்கள். நான் தேத்தண்ணிக் கேத்திலோடு ஒதுங்கி நின்றேன். தமையனார் முன்னால் நான் வாய் திறப்பதில்லை. பச்சை நெல்லைப் பார்த்தேன். பிறகு கணவரின் முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, பட்டுக் கட்டின நேரந்தொட்டு அதால புகை வரேல்லை."

அவர் அதைத் திருப்பிச் சொல்ல வாயெடுத்தார்.

"கேட்டிட்டுது, கேட்டிட்டுது. தங்கச்சி சொன்னது நல்லாக் கேட்டிட்டுது" என்று நானா சிரித்தார். "இதில ஊதி ஒண்டு இருக்கு. காத்தைப் பிடிச்சு உள்ளுக்குத் தள்ளும். அதில கொஞ்சம் ஒழுகி, எண்ணெய் கிடக்கிற வயித்துக்க இறங்கும். வெளிய வர இந்தத் தொப்பிதான் வழி. வழியை அடைச்சா, காத்து எண்ணெயையும் தள்ளிக்கொண்டு கண்ட கண்ட இடத்தால வரும். சீல் பாவம், என்ன செய்யும்?"

பட்டில் மட்டும் அவர் கை வைக்கவில்லை. "சாமிக்குக் கட்டினது. நீங்களே அவிழுங்கோ."

தமையனார் பிள்ளையாரே என்று கண்ணை மூடிக்கொண்டு அவிழ்த்தார். உள்ளே சந்தனம் எண்ணெயில் ஊறி, கருகிய அடைபோல ஒட்டியிருந்தது.

"மூக்கில சந்தனம் அப்பினா ஆருக்குத் தம்பி மூச்சு வரும்?" என்றார் நானா.

"பிள்ளையாருக்கெண்டா தும்பிக்கை இருக்கு. சமாளிச்சிருப்பார்" என்று முணுமுணுத்தார் தமையனார்.

தொப்பிக்குள் இருந்த கம்பிவலையை நானா மண்ணெண்ணெயில் கழுவினார். புகையோடு வரும் எண்ணெய் வாய்க்காலில் விழாமல், ஒரு றப்பர் குழாய் பூட்டி நுனியைப் பிஸ்கற் தகரத்துக்குள் விட்டார். முடுக்கியதும் என்னைக் கூப்பிட்டு, "கையை வைச்சுப் பாருங்கோ தங்கச்சி" என்றார்.

குழாய் நுனியில் உள்ளங்கையை வைத்தேன். இளஞ்சூடாக, ஈரமாக, கன்றின் மூச்சுப்போல வந்தது. கண்ணுக்குத் தெரியாத இந்தக் காற்றா இரும்புக்குள்ளிருந்த எண்ணெயைப் பிதுக்கித் தள்ளியது? மயிர் கூச்செறிந்தது. சில்லடியில் மட்டும் சொட்டுச் சொட்டாக ஒழுகுவது நிற்கவில்லை. "கிழட்டு உடம்பு, அது அப்பிடித்தான்" என்றார் நானா. கீழே தகரம் வைத்தோம். பொழுது சாயும் முன் தண்ணீர் எங்கள் வரம்பைத் தொட்டது.

பட்டைப் பம்பியின் காலில் கட்டினோம். அதன்பின் அறுவடை வரைக்கும், எஞ்சினை முடுக்கியதும் தமையனார் என் பக்கம் திரும்புவார்.

"பிள்ளை, மூச்சு வருதோ?"

நான் கையை வைத்துப் பார்த்து, "ஓம்" என்பேன். அதைக் கேட்டபிறகுதான் பம்பிக்குப் பெல்ற் போடுவார்.