கம்பியின் கடைசி வீடு

காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலத்தில், எங்கள் தோட்டத்துத் தொழிலாளர்களின் லய வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். இருட்டிவிட்டால் யாரும் வேலியைத் தாண்டி வெளியே போகக் கூடாது. மின்சாரம் தரும் இஞ்சின் கொட்டகையிலிருந்து வீடு வீடாக வந்த மின்கம்பி எங்கள் வீட்டில்தான் முடிந்தது.

பிறந்து சில நாள்களே ஆன என் மகள், ஒரு மாலை எங்கள் பல்பின் கீழ் மஞ்சளாகத் தெரிந்தாள். காமாலையா, வெளிச்சத்தின் நிறமா? நீண்ட கம்பி சூடாகி வழியிலேயே மின்சாரத்தை வீணாக்கும், கடைசி பல்பு மங்கி மஞ்சளாக எரியும் என்று பள்ளியில் படித்திருந்தேன். அந்தப் படிப்பை நம்பிச் சும்மா இருக்கவும் பயமாக இருந்தது. கொட்டகையை ஒட்டிய கங்காணி வீட்டுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

“எங்க வீட்டு லைட்டப் பாக்கவா வந்தே?” என்று கங்காணியின் மனைவி சிரித்தார்.

“புள்ள கண்ணப் பாருங்கக்கா.”

அங்கே பல்பு வெள்ளையாக எரிந்தது. இமையை விலக்கிப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்தினார்.

“மஞ்சதான் லா. வேலி கேட்டுக்கு ஓடு, ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லு.”

காவல்காரன் முதலில் தலையசைத்து மறுத்தான். அவன் டார்ச் வெளிச்சத்துக்கு நேராகக் குழந்தையின் முகத்தைத் தூக்கிப் பிடித்தேன். கேட்டைத் திறந்துவிட்டான்.