லண்டனைச் சிரிக்க வைத்த லால்பேட்டைப் பிள்ளை

லால்பேட்டை அமீருன்னிசாவின் மகன் நவ்ஷாத், 2004-ல் கணக்கு படிக்க லண்டனுக்குப் போனான். போன இடத்தில் மேடையேறி ஆட்களைச் சிரிக்க வைப்பதே அவன் தொழிலாகிவிட்டது. சிரிப்புப் புத்தகம்கூட எழுதிவிட்டான். அம்மாவுக்குப் பெருமைதான். ஆனால் போனவன் ஒரு தடவைகூட ஊர்ப்பக்கம் வரவில்லை. பெருநாளுக்குப் பெருநாள் அவனுக்கென்று ஒரு தட்டு பிரியாணி எடுத்து வைப்பாள். சாயங்காலம் அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள்.

ஒருநாள் போனில் பிடித்துக்கொண்டாள். “ஏண்டா, ஊரு உலகமே உன் பேச்சுக்குச் சிரிக்குதாம். பெத்தவளுக்கு ஒண்ணு தமிழ்ல சொன்னா கொறைஞ்சா போயிடுவ?”

“நீ சிரிக்க மாட்டம்மா.”

“ஏன், எனக்கென்ன பல்லு இல்லியா? சொல்லுடா.”

“எங்க ஊர்ல வெளிய கெளம்புறவன் ‘போறேன்’னு சொல்லவே மாட்டான், ‘வர்றேன்’னுதான் சொல்லுவான். நானும் அப்படிச் சொல்லிட்டுத்தான் லண்டன் வந்தேன், எங்கம்மா இன்னும் கதவைத் தாழ்ப்பாள் போடலைம்பேன். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்மா.”

அமீருன்னிசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“அம்மா, இருக்கியா? கோச்சுக்காதம்மா. சீக்கிரமே வர்றேன்.”

“அந்தச் சொல்லு எனக்கு வேணாம்டா. தேதியச் சொல்லு.”