விடுப்புக்குக் காரணம்

விஜயகுமாரி டீச்சருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று ஆம்பூரில் அவளைத் தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். இல்லாமல் என்ன செய்யும்? காலை ஒன்பதிலிருந்து நாலரை வரை பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். நாலரைக்கு மேல் ஏழாவது படிக்கும் ஜெனிஃபாவுக்கு அம்மா. நடுவில் சோறு, துணி, குழாய்த் தண்ணீர், ஞாயிறு ஆராதனை. இத்தனையும் போக மிச்சம் மீதி விழுகிற நேரத்தில்தான் அவள் ஒட்டுப்போர்வை தைத்தாள். அந்த மிச்சத்துக்கும் யாராவது ஒருவர் கை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஒட்டுப்போர்வை என்றதும், பாவம், புதுப் போர்வை வாங்க வக்கில்லாமல் கிழிசலை ஒட்டுப்போடுகிறாள் என்று நினைத்தவர்கள் உண்டு. அவள் தைத்தது போர்த்திக்கொள்ள அல்ல. சுவரில் மாட்டிப் பார்க்க. துணித்துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்து அவள் ஒரு போர்வையில் மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தைக் கொண்டுவந்தாள். இன்னொன்றில் ஜோலார்பேட்டை ஜங்ஷனின் தண்டவாளங்களைக் கொண்டுவந்தாள். அதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், எனக்கு ரெண்டு தலகாணி உறை இதே மாதிரி" என்று கேட்டவர்கள்தான் அதிகம். பள்ளி ஆண்டு விழா என்றால் மேடைத்திரை அவள் தலையில். கிறிஸ்துமஸ் நாடகம் என்றால் மேய்ப்பர்களின் அங்கி அவள் தலையில். "நீதான் நல்லா தைப்பியே" என்று சொல்லிவிட்டால் மறுபேச்சுப் பேச முடியாது என்று எல்லாரும் தெரிந்து வைத்திருந்தார்கள்.

2003 ஆகஸ்டில் முதல்முறையாக அவளுக்கென்று ஒரு கடிதம் வந்தது. வேலூரில் ஒரு சங்கம் துணிக்கலைக் கண்காட்சி நடத்தியது. அவள் அனுப்பிய கைக்குட்டை அளவு மாதிரியைப் பார்த்துவிட்டு, தேர்ந்தெடுத்த ஒன்பது பேரில் அவளையும் சேர்த்திருந்தார்கள். போர்வை ஆறடிக்கு ஐந்தடி என்ற அளவுக்குக் குறையக் கூடாது. மாதக் கடைசிச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் நேரில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அதற்குமேல் ஒரு நிமிடம் தாண்டினாலும் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று அடியில் கோடு போட்டு எழுதியிருந்தார்கள்.

அவள் வரைந்து வைத்திருந்தது முப்பது காற்றாடிகள். சாம்பல் நிறக் காடாத்துணி மேல், அரக்கு நிற ஆட்டுத்தோலில் இறக்கைகள். ஒரு காற்றாடிக்கு நாலு இறக்கை, மொத்தம் நூற்றிருபது. எல்லாமே வலப்பக்கம் சுற்ற வேண்டும். ஒன்றின் இறக்கை நுனி அடுத்ததன் நுனியைத் தொட்டு, முப்பதும் ஒரே காற்றில் சுழல்வதுபோல் தெரிய வேண்டும். பழைய தோல் வியாபாரி சர்தார் பாஷாவின் கிடங்கில் தேடித் தேடி, கையுறை தைக்கப் போகிற மெல்லிய தோலாகப் பொறுக்கி வந்தாள். அந்த நிறத்தில் அதுதான் கடைசி என்று பாஷா சொல்லிவிட்டார்.

வெட்டுவதற்கு வீட்டிலேயே ஆள் இருந்தது. அவள் கணவன் சத்தியநாதன் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். இருபத்திரண்டு வருடமாகத் தோல் வெட்டுகிற கை. இறக்கைக்குத் தகரத்தில் ஒரு பேட்டர்ன் செய்து, சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டு, நாலு நாள் மதிய இடைவேளையில் சாப்பாட்டைப் பாதியில் மூடிவைத்துவிட்டு வெட்டினான். கடைசி வாரத் திங்கட்கிழமை சாயங்காலம் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து மேஜையில் வைத்தபோது, மனுஷன் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

விஜயகுமாரி காடாத்துணியை விரித்து இறக்கைகளை அடுக்கினாள். முதல் காற்றாடி சரியாக வந்தது. இரண்டாவதில் இரண்டு இறக்கை முரண்டு பிடித்தது. மூன்றாவதிலும் அப்படியே. ஒரு கட்டைப் பிரித்து உற்றுப் பார்த்தவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"இன்னாங்க இது? பாதி எதிர்ப்பக்கமா இருக்குது?"

"எதிர்ப்பக்கம் இன்னா? ஜோடியா இருக்குது."

"எனக்கு எதுக்குங்க ஜோடி?"

"லெஃப்ட் ஒன்னு, ரைட் ஒன்னு. கரெக்டா அறுவது ஜோடி. ஒன்னு கம்மி இருக்காது, நீயே எண்ணிப் பாரு."

"போர்வைக்கு ஏதுங்க லெஃப்ட் காலு, ரைட் காலு?"

சத்தியநாதன் இரண்டு இறக்கைகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ஷூ கம்பெனியில் எந்தப் பேட்டர்னையும் ஒருமுறை வெட்டினால் மறுமுறை திருப்பிப் போட்டுத்தான் வெட்டுவார்கள். வலது காலுக்கு ஒன்று, இடது காலுக்கு ஒன்று. இருபத்திரண்டு வருடமாகக் கை தானாகத் திருப்புகிறது. மூளையைக் கேட்பதே இல்லை. துணியாக இருந்தால் புரட்டிப் போட்டுவிடலாம். தோலுக்கு ஒரு முகம்தான். புரட்டினால் உள்பக்கத்துச் சொரசொரப்பு வெளுப்பாகத் தெரியும்.

"எல்லாம் ஒரே பக்கமா வெட்டுன்னு நீ சொல்லலியே" என்றான் மெதுவாக.

அது உண்மை. அதனால்தான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. ஆம்பூரில் பிறந்து ஆம்பூரிலேயே வாழ்க்கைப்பட்டவள், கட்டிங்காரனிடம் வேலை கொடுக்கும்போது இதைச் சொல்ல வேண்டாமா? தலையில் அடித்துக்கொண்டாள். ஜெனிஃபா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, த்ரோபாலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

ஆத்திரம் கொஞ்சம் அடங்கியதும் கணக்குப் போட்டாள். ஒரு வரிசை வலப்பக்கம் சுற்றட்டும், அடுத்த வரிசை இடப்பக்கம் சுற்றட்டும். அப்படி வைத்தால் வரிசைக்கு வரிசை நுனிகள் தொடாது. தைத்து முடித்த அடித்துணியைப் பிரித்து, வரிசைகளுக்கு நடுவே துணிப்பட்டை கொடுத்து, எல்லாவற்றையும் புதிதாகக் குறிக்க வேண்டும். அவள் நினைத்த போர்வை அது இல்லை. ஆனாலும் போர்வை. பகல் முழுக்க உட்கார்ந்தால் மூன்று நாள். பகல் முழுக்க அவளுக்கு எங்கே கிடைக்கும்?

செவ்வாய்க்கிழமை காலை, புதன் முதல் வெள்ளி வரை மூன்று நாள் தற்செயல் விடுப்பு கேட்டுக் கடிதம் எழுதினாள். பதினான்கு வருடத்தில் அவள் கொடுத்த கடிதங்கள் ஒரு கத்தை இருக்கும். மகளுக்கு அம்மை. மாமியாருக்குக் கண் ஆபரேஷன். நெமிலியில் சாவு. கொழுந்தனார் வீட்டில் ஞானஸ்நானம். தனக்கென்று ஒருநாள் கேட்டதில்லை. இந்த முறை உள்ளதை உள்ளபடி எழுதினாள்: 'கண்காட்சிக்கு ஒட்டுப்போர்வை தைக்க வேண்டியிருப்பதால்.'

தலைமையாசிரியை சம்பூர்ணம் மேடம் கடிதத்தை ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொருமுறை படித்தார். மோசமானவர் அல்ல. டீச்சர்கள் வீட்டுக் கஷ்டம் என்று வந்து நின்றால் கண் கலங்கிவிடுவார்.

"இன்னா விஜயா இது? போர்வை தைக்கிறதுக்கு லீவா?"

"ஆமா மேடம். சனிக்கெழம குடுக்கணும்."

"லீவு இல்லேன்னு நான் சொல்லல. இத எப்படிம்மா ஃபைல்ல வெக்கிறது? ஜெனிஃபாவுக்கு ஜுரம்னு எழுதிக் குடு. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

மணி அடித்துவிட்டது. ஒன்பதாம் வகுப்புக்குக் காஜா தைக்கச் சொல்லிக்கொடுக்கப் போக வேண்டும். நின்று வாதாட நேரமில்லை. எழுதிக் கொடுத்தாள். மேடம் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஜெனிஃபா அதே பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள் என்பது அவளுக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஜுரம் என்று எழுதிக் கொடுத்தால் ஜுரத்தோடு படுத்திருக்க வேண்டும். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள்.

"எனக்கா ஜுரம்? எனக்கு ஒன்னுமில்லியே."

"மூனே நாளுடி. வீட்டுல இருந்து படி."

"வியாழக்கெழம வாலாஜாபேட்டை டீமோட மேட்ச்சு. நான்தாம்மா சர்வீஸ் போடணும்."

"அடுத்த மேட்ச்சு ஆடிக்கலாம்."

ஜெனிஃபாவுக்கு முகம் சிவந்துவிட்டது. கோபம் அம்மாவிடமிருந்து வந்ததுதானே.

"உன் போர்வைக்கு நான் ஏம்மா படுக்கணும்? உனக்கு லீவு வேணும்னா உனக்குத்தான் வேணும்னு கேளேன்."

விஜயகுமாரி கையை ஓங்கினாள். அடிக்கவில்லை. சுருக்கென்று தைத்துவிட்டது. இத்தனை வருடம் தன் நேரத்தை ஊரார் எப்படி எடுத்துக்கொண்டார்களோ, அப்படியே மகளுடைய நாளை அவள் எடுத்துக்கொள்ளப் பார்த்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட வைத்த மகள் மேலும் கோபமாக இருந்தது. அன்றைக்கு அடுப்படியில் உருண்ட பாத்திரங்களின் சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டது.

புதன்கிழமை காலை மகளைச் சீருடையில் வகுப்புக்கு அனுப்பிவிட்டு நேரே மேடத்தின் அறைக்குப் போனாள். நேற்றுக் கொடுத்த கடிதத்தைத் திருப்பிக் கேட்டாள். அதற்குப் பதில் வேறொன்றை வைத்தாள். போர்வை தைக்க வேண்டியிருப்பதால்.

"திரும்பவும் இதேதானா?" மேடத்தின் குரல் உயர்ந்தது. "சரி, கொழந்தைக்கு வேணாம். உனக்கே ஜுரம்னு எழுதேன். எதுக்கு இந்தப் பேஜாரு?"

"எனக்கு ஜுரம் இல்ல மேடம். வேலை இருக்குது."

"இத நான் சாங்ஷன் பண்ணா, நாளைக்கு ஒருத்தி வடாம் போடணும்னு எழுதுவா. இன்னொருத்தி வீடு மொழுகணும்னு எழுதுவா. முடியாது."

"மாமியாருக்குத் துணைக்கு இருக்கணும்னு கேட்டா குடுத்தீங்க. கொழுந்தனார் வீட்டு விசேஷத்துக்குக் குடுத்தீங்க. என் வேலைக்குன்னா மட்டும் முடியாதா?"

"உன் வேலை இந்த ஸ்கூல்ல டீச்சர் வேலை. போனேன்னா மெமோ குடுக்க வேண்டி வரும்."

"குடுங்க மேடம். அதுலயாவது காரணத்தச் சரியா எழுதுங்க."

வெளியே வந்தாள். பதினான்கு வருடத்தில் ஒரு மெமோ வாங்கியதில்லை. பாதி வழியில் திரும்பிப்போய் மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்றுகூட நின்றாள். பிறகு நடையை எட்டிப்போட்டு வீடு வந்து சேர்ந்தாள்.

மூன்று நாளும் நிம்மதியாகத் தைத்தாள் என்று எழுத ஆசைதான். பகலில் வீட்டில் இருக்கிறாள் என்று தெரிந்ததும் தெரு முழுக்க அவளைத் தேடி வந்தது. பக்கத்து வீட்டுப் பட்டம்மாள், "லீவுதானே டீச்சர்" என்று ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கக் கொடுத்தாள். கேஸ் சிலிண்டர் வந்தது. சபையிலிருந்து இருவர் நலம் விசாரிக்க வந்து ஒருமணி நேரம் ஜெபம் செய்தார்கள். தோல் ஊசி இரண்டு முறை ஒடிந்தது. அவள் வாய்விட்டுத் திட்டினாள். ஊசியை, சிலிண்டரை, ஆம்பூரின் அத்தனை வலது இடது கால்களையும். சத்தியநாதன் சாயங்காலம் வந்ததும் தரையில் உட்கார்ந்து தப்பான தையல்களைப் பிரித்துக் கொடுத்தான். ஒரு நூல் பிசகாமல் பிரித்தான். அதற்காக மன்னித்துவிடலாமா என்று யோசித்தாள். உடனே மன்னிக்க மனம் வரவில்லை.

வியாழக்கிழமை மேட்ச்சில் ஜெனிஃபாவின் அணி தோற்றது. அம்மா வரவில்லை என்று மகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பையை மூலையில் வைத்துவிட்டு, கீழே விழுந்த நூல் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். மைதானத்துக்கு ஒரு மணி நேரம் போய்விட்டு வந்திருக்கலாம் என்பது விஜயகுமாரிக்கு நெடுநாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை, சுருட்டிய போர்வையைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய், வேலூரில் நாலு நாற்பதுக்குக் கொடுத்தாள். வாங்கிய பெண் பெயரைக் குறித்துக்கொண்டு ரசீது தந்தாள். ஞாயிறு ஆராதனை முடிந்து மூவரும் போய்ப் பார்த்தார்கள். ஒன்பதில் ஒன்றாக அதுவும் தொங்கியது. நின்று பார்த்தவர்களிடமெல்லாம் சத்தியநாதன், "கட்டிங் நம்பளுது" என்றான். விஜயகுமாரியின் கண் அந்த நடுப்பட்டைகளிலேயே போய் நின்றது. இதைவிட நன்றாக வந்திருக்க வேண்டியது. ஆனாலும் வந்துவிட்டது, அவள் பெயரோடு.

திங்கட்கிழமை மூன்றாவது பீரியடில் ஆபீஸ் கிளார்க் ஆதிகேசவன் மெமோவைக் கொண்டுவந்தார். பெற்றுக்கொண்டதற்குப் பிரதியில் கையெழுத்து வேண்டும் என்றார். அவள் நின்றபடியே படித்தாள். 'சொந்த வேலையின் பொருட்டு, முன் அனுமதியின்றி மூன்று நாட்கள் பணிக்கு வராதது குறித்து உடனடியாக விளக்கம் அளிக்கவும்.'

சொந்த வேலை. மெமோவில்கூடப் போர்வை என்று எழுத மேடத்துக்குக் கை வரவில்லை. விஜயகுமாரி சிவப்பு மைப் பேனாவைத் திறந்தாள். 'சொந்த வேலை' என்பதை அழுத்தி அடித்தாள். அதற்கு மேலே 'ஒட்டுப்போர்வை தைக்கும் வேலை' என்று நிறுத்தி நிதானமாக எழுதினாள்.

"ஐயோ டீச்சர், ஆபீஸ் காயிதத்துல கிறுக்கக் கூடாது!" என்று பதறினார் ஆதிகேசவன். "எச்.எம். அம்மா என்னைக் கேப்பாங்க. விளக்கம் தனியா எழுதிக் குடுங்க."

"அதான் விளக்கம்" என்றாள் விஜயகுமாரி. கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு, காகிதத்தை அவரிடம் நீட்டினாள்.