குண்டுலாவின் தலைகீழ் அட்டை

"குண்டுலா ட்ஸ்விர்லைன். நூற்கட்டுநர், எழுத்தோவியர். அமைதியானவர், நிதானமானவர், பிழைக்கு இடம் தராதவர்" என்கிறது கைவினைஞர் சங்கப் பட்டியல். எழுதியவர் அவருடைய பட்டறை இருக்கும் மைன் ஆற்றங்கரைப் பக்கம் வந்ததில்லை போலும்.

குண்டுலா மூச்சடக்கி ஒரு பேரெழுத்தை இழுத்து முடித்தால், அவர் போடும் கூச்சலில் எதிர் ரொட்டிக்கடைப் புறாக்கள் கலைந்துவிடும். "வந்துட்டாடி என் ராசாத்தி!" என்பது அந்த எழுத்தைப் பார்த்துச் சொல்வது. வரி நோட்டீஸே ஆனாலும் ஓரத்தைக் கிழித்து, தாளின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பார்த்த பிறகுதான் படிப்பார். குறுக்கே ஓடினால் படிப்பதே இல்லை.

நகரமன்றத்துக்கு வரும் பெரிய விருந்தினர்கள் கையெழுத்திடும் பொன்னேட்டுக்கு இவர்தான் பைண்டர். அடுத்த ஆண்டு முதல் அந்த வேலையைப் பெருநகரத்து இயந்திரத்துக்கு அனுப்பிவிட வேண்டுமென்று மேயர் ரவுஷெர்ட் துடித்துக்கொண்டிருந்தார். போன சனிக்கிழமை, ஊருக்குப் பதக்கம் கொண்டுவந்த பளுதூக்கும் வீரர் கொர்பினியானுக்கு வரவேற்பு. புதுத் தோலட்டையில் ஊர்ச்சின்னமான வாத்து நிமிர்ந்து நிற்க, மேயர் நாடா வைத்த பக்கத்தைத் திறந்தார். வீரரின் பெயர் தலைகீழாகத் தொங்கியது.

"மாஸ்டரம்மா! மானம் போச்சே!" என்று பக்கத்தில் நின்ற குண்டுலாவிடம் அலறினார் மேயர்.

"நான்தான். அட்டையைத் தலைகீழா ஒட்டிட்டேன். அவர் பேரோட முதலெழுத்து, வால் அப்படி அம்சமா விழுந்துச்சா, அந்தக் குஷியில..."

"புத்தகத்தையே திருப்பி வெச்சிடலாமா?"

"வாத்து மல்லாந்துக்கும். வறுத்து வெச்ச மாதிரி இருக்கும், பரவாயில்லயா?"

"மெஷினா இருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

"ஆகியிருந்தா உங்க மெஷின் ரயிலேறி வந்து நிக்குமாக்கும்?"

பன்னிரண்டரைக்கு வீரருக்கு ரயில். குண்டுலா பையிலிருந்து கத்தியை எடுத்து, அட்டையை ஏட்டோடு பிணைக்கும் ஒட்டுத்தாள்களைக் கீறினார். அட்டை கழன்று வந்தது. கூட்டம் "ஐயோ" என்றது. புத்தகத்தைத் திருப்பி, புதுத்தாள் வைத்து, பசை தடவி, மூடினார்.

"இனி அழுத்தணும். அழுத்துப்பொறி அக்கரையில, பட்டறையில இருக்கு."

"நான் தூக்கிட்டு வரட்டுமா?" என்றார் கொர்பினியான், ஆசையாக.

"தரையோட முடுக்கியிருக்கு தம்பி. நீ எத்தன கிலோ?"

"நூத்திப் பத்து."

குண்டுலா அட்டையின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். "பத்தாதே." பிறகு மேயரை மேலிருந்து கீழ்வரை அளந்தார்.

பதினொன்று நாற்பதிலிருந்து பன்னிரண்டு வரை, வீரரைப் பொன்னேட்டின் மேலும் மேயரை வீரரின் மடியிலும் உட்காரவைத்து, குண்டுலா அட்டையை நேராக ஒட்டி முடித்தார்.