மண்வெட்டி ஏழு, குடம் எட்டு

மரகதம் அக்கா போய்விட்டார் என்று பாளையம்பட்டியிலிருந்து அவருடைய மகன் போனில் சொன்னான். அழுகை வந்தது. கூடவே திருச்சுழி மளிகைக்கடை ஞாபகம் வந்து சிரித்தும் விட்டேன். அக்காவை அறிந்த நீங்கள் என்னைத் தப்பாக நினைக்கமாட்டீர்கள்.

அறுபதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையில் ஒரு சின்ன அச்சகத்தில் நான் எழுத்துக் கோத்தேன். அக்கா படம் வரைந்தார். பஸ் ஏறி ஊர்சுற்றப் போன ஆட்டுக்குட்டியின் கதையைப் பிள்ளைகளுக்குப் புத்தகமாகப் போட்டோம். பக்க எண்ணை மூலையில் வைக்கவே கூடாது என்று அக்கா ஒரே பிடியாக நின்றார். எண்களின் வடிவம் படத்துக்குள் ஒளிந்திருந்தது. சுவரில் சாய்த்த மண்வெட்டி ஏழு. குடத்துக்கு மேல் குடம் எட்டு. ஒற்றைப் பனையும் பக்கத்தில் வட்டக் கிணறும் பத்து. "கதையப் படிக்கிற பிள்ள படத்தையும் படிக்கட்டும்" என்பார்.

திருச்சுழியில் மளிகைக்கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், பள்ளிக்கூடத்துப் பரிசளிப்புக்காக மொத்தப் பதிப்பையும் கேட்டிருந்தார். அனுப்பிய கட்டுகள் அப்படியே திரும்பி வந்தன. பக்க எண் போடாத புத்தகம் வேண்டாமாம். மூலையில் எண்ணை முத்திரையாகக் குத்தி அனுப்பிவிடலாம் என்றார் அச்சக முதலாளி. அக்காவின் முகம் சுண்டிப்போனது. "குத்துறதுன்னா என் பேர எடுத்துட்டுக் குத்துங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு புத்தகத்தோடு திருச்சுழிக்குப் பஸ் ஏறினார். தனியாக விடமுடியாமல் நானும் ஏறினேன்.

கடையில் நல்ல கூட்டம்.

"எண்ணு இருக்கு அண்ணாச்சி. தேடிப் பாருங்க" என்று புத்தகத்தைக் கல்லாமேல் வைத்தார் அக்கா.

அண்ணாச்சி வேண்டாவெறுப்பாகத்தான் புரட்டினார். மண்வெட்டியில் ஏழு தெரிந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எட்டும் அகப்பட்டது. ஒன்பதில் மாட்டிக்கொண்டார். பருப்பு வாங்க வந்தவர்கள் பருப்பை மறந்து எட்டிப் பார்த்தார்கள்.

"ஏலே, தள்ளு. எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார் ஒருவர்.

"யாரும் சொல்லித் தொலையாதீங்க. நானே கண்டுபிடிக்கேன்" என்று அண்ணாச்சி அதட்டினார். கொஞ்ச நேரம் கழித்து அவர் விரல், திருவிழாக் கூட்டத்தில் நூல் தொங்கப் பறந்த பலூன் மேல் போய் நின்றது.

"அந்தக் கட்டுகளயெல்லாம் மறுபடி இங்கயே அனுப்பிரும்மா. இது எனக்கு" என்று கையிலிருந்த புத்தகத்தைக் கல்லாவுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார். பஸ் நிறுத்தம்வரை அக்கா நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். தேர்தலில் ஜெயித்தவர்கூட அப்படி நடந்திருக்கமாட்டார்.

மறுவருடமே இரண்டாம் பதிப்பு வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று கடைசிப் பக்கத்தில் விடைகளைத் தலைகீழாகப் போடலாமா என்று முதலாளி கேட்டார்.

"அண்ணாச்சியே அந்த அதட்டு அதட்டுனாக. பிள்ளைக நம்மள அடிக்காம விடுமா?" என்றார் அக்கா. விடைப் பக்கம் இல்லாமலே அச்சானது.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தத் தைரியத்தைத்தான். பின்னாளில் சொந்தமாக அச்சகம் வைத்து எத்தனையோ புதிர்ப் புத்தகங்கள் போட்டேன். ஒன்றில்கூட விடை அச்சிடவில்லை. விடை கேட்டு இதுவரை ஒரு பிள்ளையும் எனக்கு எழுதியதில்லை, அக்கா.