எட்டாவது பட்டை

இது நடந்தது. ஆல்வின் கதை கட்டுகிற ஆள் இல்லை. அவ்வளவு கற்பனை இருந்திருந்தால், அவன் செய்த கல்யாண வீடியோக்களில் எல்லா ஜோடியும் ஒரே தாமரைக்குள்ளிருந்து எழுந்து வந்திருக்காது. அமாவாசை, நடுநிசி, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்கவும். 2007, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டு பத்து.

செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு எதிரே, மாடியில் ஸ்டுடியோ. வெயில் பட்டால் திரையில் நிறம் ஏமாற்றும் என்று ஜன்னலெல்லாம் கறுப்புக் காகிதம். உள்ளே எப்போதும் ராத்திரிதான். ஆல்வினுக்குத் துணை ஒரு கம்ப்யூட்டர், ஒரு பழைய டிவி. கம்ப்யூட்டரில் ஒரு நிறம், டிவியில் வேறு நிறம் என்பது அந்தத் தொழிலின் சாபம். அதனால் ஒவ்வொரு படத்தின் தொடக்கத்திலும் ஏழு வண்ணப் பட்டைகள் வைத்து, டிவியில் ஓட்டிப் பார்த்துத்தான் வெளியே கொடுப்பான். போன மாதம் மறந்துவிட்டான். கல்யாணப் பெண்ணின் அரக்குப் புடவை ஆரஞ்சாகி, பெண் வீட்டார் கடைக்கே வந்துவிட்டார்கள்.

இன்றைய படம் கோதண்டராமனின் ‘கடலோர சொர்க்கம்’ மனைப்பிரிவுக்கு. அங்கே கடலைப் பார்க்க வேண்டுமானால் தண்ணீர் டாங்க் மேல் ஏற வேண்டும். படத்தில் சந்தன நிறத்தில் ஒரு வீடு தரையிலிருந்து முளைக்கும். அதன் பின்னால், சூரியனுக்குப் பதிலாகக் கோதண்டராமன் கும்பிட்டபடி உதிப்பார்.

மாமல்லபுரத்திலிருந்து முதலாளி ராமதாஸ் போன் செய்தார்.

“இன்னாடா, ஆச்சா? அஞ்சு மணிக்கு தொறப்பு விழா. ஸ்கிரீன் கட்டிகினு குந்திகினு கீறாங்க.”

“ஆயிடும்ண்ணே.”

“இந்த வாட்டியும் கலர் மாறிச்சு, நாளைக்கு வராத. அவ்ளோதான்.”

2.31. எக்ஸ்போர்ட் முடிந்து படம் தயாரானது. டிவியில் ஓட்டினான். ஏழு பட்டையும் சரி. கோதண்டராமன் சரி. வீடு மட்டும்... நீலம் போட்ட சுண்ணாம்பு நிறம்.

கம்ப்யூட்டரில் பார்த்தான். சந்தனம்.

ஏதோ செட்டிங் தப்பு என்று மாற்றினான். 2.54. அதே நீலம். இப்போது படத்து வீட்டின் ஜன்னலுக்குக் கீழே ஒரு ஈரத் திட்டு. அதை அவன் வரையவே இல்லை.

கேட்கவும் ஆளில்லை. எதிரே மின்சார ரயில் கிளம்பியது. அந்தச் சத்தமும் போய்விட்டது...

3.17. மூன்றாவது தடவை. பட்டைகளை எண்ணினான்.

எட்டு.

மறுபடி எண்ணினான். எட்டு.

எட்டாவது, அந்த நீலம். மற்றவை வழவழவென்று இருந்தன. அதில் மட்டும் சுண்ணாம்பு மட்டை இழுத்த தடம். மேலிருந்து கீழே... மேலிருந்து கீழே... தடம் நகர்ந்தது. யாரோ இன்னும் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

சரக்... சரக்...

சத்தத்தைக் குறைத்தான். நிற்கவில்லை.

டிவியின் பிளக்கைப் பிடுங்கினான். திரை இருண்டது.

சரக்.

ஓடியிருக்கலாம். நாளைக்கு வேலை வேண்டுமே. கம்ப்யூட்டரில் வீட்டுச் சுவரையே அந்த நீலத்துக்கு மாற்றினான். இரண்டு திரையிலும் ஒரே நிறமாவது இருக்கட்டும்.

சத்தம் நின்றது.

3.46. டிவி பிளக்கைச் செருகி ஓட்டிப் பார்த்தான். பட்டைகள் ஏழு. இங்கேயும் நீலம், அங்கேயும் நீலம். சிடியை எடுத்துக்கொண்டு பைக்கில் பறந்தான்.

விழா மேடையில் பொன்னாடையோடு கோதண்டராமன் தன் தியாகங்களைப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். பின்னால் திரையில் வீடு முளைத்தது. திரும்பிப் பார்த்தார். பேச்சு நின்றது.

“எவன்டா... இந்தக் கலர குட்த்தது உனக்கு?”

மைக் அணைக்கப்படவில்லை. இறங்கினார், காரில் ஏறினார், போய்விட்டார். பொன்னாடை மேடையிலேயே கிடந்தது. ஆல்வினின் வேலையும் அன்றோடு போயிற்று.

மனைக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த செங்கம்மாள்தான் அவனிடம் சொன்னாள்.

“அது காசிம்மா வூட்டு கலராச்சே. இதே எடத்துல ஒண்டியா கெடந்துச்சு. வருசா வருசம் அதுவே நீலம் போட்டு அடிக்கும். வூட்ட விக்க மாட்டேன்னுச்சு.”

“இப்ப எங்க கீது?”

“ஒரு நாள் காலைல வந்து பாத்தா வூடும் இல்ல, அதுவும் இல்ல. சேலத்துல பொண்ணு வூட்டுக்குப் போயிடுச்சுன்னு கோதண்டராமன் சொன்னாரு.”

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

“காசிம்மாவுக்கு ஏதுப்பா பொண்ணு?”